நடுவில் பன்னிரண்டு அடி

செப்டம்பர் 14, ஞாயிறு

விடிந்ததிலிருந்து இவரைக் காணவில்லை. எங்கே போயிருப்பார், சின்ன வீட்டுக்குத்தான். எங்கள் மீனாம்பிகை நகருக்குப் பின்னால் இருக்கும் குறுங்காட்டுக்கு நான் வைத்த பெயர் அது. முதலில் பெயரைக் கேட்டு முறைத்தார். இப்போது அவரே போனில் யாரிடமோ, "சின்ன வீட்டுலதான் இருக்கேன், ஒரு மணி நேரம் கழிச்சுப் பேசுறேன்" என்கிறார். எதிர்முனையில் சம்பந்தி இல்லாமல் இருந்தால் சரி.

இன்று காட்டுக்கு இரண்டாவது பிறந்த நாள். கேக் வெட்டினார்கள். மரத்துக்குக் கேக் வெட்டுகிற கூத்தை மதுரையில் எங்கள் நகரில்தான் பார்க்கலாம். கவுன்சிலர் வந்தார், மாலை போட்டுக்கொண்டார், போட்டோ எடுத்ததும் போய்விட்டார். பேச்சி ஒரு தூக்குவாளி நிறையக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டுவந்திருந்தாள். கேக்கை எறும்பு தின்றது. கொழுக்கட்டையை நாங்கள் தின்றோம்.

பேச்சியம்மாள் காட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருக்கும் கரையடித் தெருவில் இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் தெருவுக்கும் எங்கள் நகருக்கும் நடுவில் ஒரு குப்பைப் பள்ளம் கிடந்தது. கோழிக் கழிவு, கிழிந்த மெத்தை, டயர், சீமைக் கருவேலம். நாங்கள் இந்தப் பக்கமிருந்து கொட்டுவோம், அவர்கள் அந்தப் பக்கமிருந்து கொட்டுவார்கள். அதைத்தான் சுத்தம் செய்து, லாரி லாரியாக மண்ணும் சாணமும் தென்னைநார்க் கழிவும் போட்டு மேடாக்கி, நெருக்கமாகக் கன்று நட்டோம். ஆளுக்கொரு கன்று, அதில் அவரவர் பெயர் எழுதிய தகரம். பேச்சிக்கு இலுப்பை கிடைத்தது. எனக்கு மகிழம். இவர் நட்டநடுவில் ஒரு நீர்மருது வைத்தார். இப்போது அது இரண்டு ஆள் உயரம்.

கிண்டல் செய்கிறேனே தவிர, அந்தக் காட்டை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு இவர் ஹாலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். பேச்சு இல்லை, சண்டை இல்லை, சாம்பாரில் உப்பு இல்லாவிட்டால்கூட ஒரு வார்த்தை இல்லை. பேங்கில் நாற்பது பேரை மிரட்டி வேலை வாங்கிய மனுஷன். "மாத்திரையால இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாதும்மா, இவர் எந்திரிச்சுப் போற மாதிரி ஒரு வேலை பாருங்க" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அந்த வேலைதான் இந்தக் காடு. என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்தது அதுதான்.

செப்டம்பர் 17, புதன்

பேச்சியின் மகள் செண்பகத்துக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு இங்கேயே கூட்டி வந்துவிட்டார்கள். நான் புளியோதரை கிளறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புளி தூக்கல். அவள் நல்லா இருக்கு என்று தின்றாள், பிள்ளைத்தாச்சி வாய்க்கு அப்படித்தான் கேட்கும்.

திரும்பி வரும்போது காட்டு வாசலில் நானும் பேச்சியும் உட்கார்ந்து டீ குடித்தோம். ஒரு செம்போத்து உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "நம்ம கொட்டுன குப்பைக்கு மேல செம்போத்து வந்து உக்காந்திருக்கு பாருங்கக்கா" என்றாள். சிரித்தோம்.

செப்டம்பர் 22, திங்கள்

காட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த இடம் பூலாங்கண்மாய்க்குத் தண்ணீர் போகிற வரத்துக்கால்வாயாம். காடு ஆக்கிரமிப்பாம். மழைக்காலத்துக்கு முன்னால் அகற்றப் போகிறார்களாம்.

இவர் வாசித்துவிட்டு ஆடிப்போய்விட்டார். "ஆக்கிரமிப்பா? நான் ஆக்கிரமிப்புக்காரனா? நட்ட அன்னைக்கு இதே ஆபீஸ்காரங்க வந்து கன்னு நட்டுட்டு, பஜ்ஜி தின்னுட்டுப் போகல? அப்பத் தெரியலையா கால்வாய்னு?" தெருவே கூடிவிட்டது. கையைக் காலை ஆட்டிப் பேசப் பேச எனக்கு இவர் கழுத்து நரம்புதான் கண்ணில் பட்டது.

கால்வாய் என்று எங்களுக்கு மட்டுமா தெரியாது, கரையடித் தெருக்காரர்களுக்கும் தெரியாது. அதில் தண்ணீர் ஓடிப் பார்த்த ஒருத்தர் இல்லை. கண்மாயே நாங்கள் குடிவந்த நாளிலிருந்து வறண்டு கிடக்கிறது, மழை பெய்தால் நடுவில் ஒரு குட்டை, அவ்வளவுதான். இப்போது வடக்கே மேட்டில் கால்வாயைத் தூர்வாரிக்கொண்டே வருகிறார்களாம். தூர்வாரி முடித்துக்கொண்டு நேரே வந்து எங்கள் காட்டில் முட்டி நிற்கிறார்கள்.

இரவு மாத்திரை போட மறந்துவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

நலச்சங்கக் கூட்டம் எங்கள் மொட்டைமாடியில். வந்தவர்களுக்கு சுக்குமல்லிக் காபி. கோர்ட்டுக்குப் போவதென்று முடிவானது. வக்கீல் ஒருவர் மரம் என்றால் காசு வாங்காமல் வாதாடுவாராம். அவர் பெயர் தியாகேசன், ஒல்லியாக, கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு பேசினார். "மரத்துக்குப் பக்கத்துல ஜனங்க நிக்கணும் சார். பணக்காரங்க காலனி விவகாரம்னு ஜட்ஜ் நினைச்சுடக் கூடாது. கரையடித் தெருக் கையெழுத்து வேணும்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சி எனக்குத்தானே சிநேகிதி.

செப்டம்பர் 27, சனி

கையெழுத்து வாங்கப் போனேன். பேச்சி கிரைண்டரில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல என்னக்கா போட்டிருக்கு?"

"காட்டை வெட்டக் கூடாதுன்னு கோர்ட்டுல கேக்குறோம்."

"மரத்த எதுக்கு வெட்டணும், கிறுக்குப் பயலுக. குடுங்க." கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பேச்சியம்மாள் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

அத்தோடு விட்டாளா? கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னோடு தெரு முழுக்க வந்தாள். ஒவ்வொரு வாசலிலும், "நம்ம காடுதான், போடுங்க. எம் மரமும் அதுல நிக்குது" என்று அவளே வாங்கினாள். அவள் புருஷன் செல்லப்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அவர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி வந்தா எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டார்.

"எந்தத் தண்ணி? இருவது வருசமா வராத தண்ணி இப்ப ஒங்களுக்காக வருதாக்கும்" என்றாள் பேச்சி. அவரும் சிரித்துக்கொண்டே போட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களாகத்தான் போட்டார்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

மத்தியானம் இவர் தூங்கும்போது ஜே.இ. வந்தார். நோட்டீஸ் ஒட்டிய ஆபீஸின் இளம் இன்ஜினீயர், பெயர் மதிவாணன். வேர்க்க விறுவிறுக்க நின்றார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். மோர் கேட்டார். கொடுத்தேன்.

"அம்மா, முழுக்காட்டையும் எடுக்கணும்னு எனக்கும் மனசு இல்ல. நடுவுல ஒரு பன்னெண்டு அடி அகலத்துக்கு மட்டும் விட்டுக் குடுத்தீங்கன்னா போதும். மண்ணை வெட்டிவிட்டு ஒரு வாய்க்கா இழுத்துருவேன். தண்ணி அதுவழியா கண்மாய்க்குப் போயிரும். ரெண்டு பக்கமும் காடு அப்படியே நிக்கும். மேலதிகாரிகிட்ட பேசிட்டேன். சார் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கோர்ட்டுக்குப் போயிட்டீங்கன்னா அப்புறம் யாரு நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

நடுவில் என்றால் எங்கே என்று கேட்டேன். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார். கோட்டுக்குள் கொஞ்சம் புங்கன், நாவல், இரண்டு பூவரசு. நடுவில் இவருடைய நீர்மருது.

அதன் அடியில் இவர் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் கிடந்தது. தினமும் அங்கேதான் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

"சார் முழிச்சதும் சொல்றேன் தம்பி" என்றேன்.

"மறந்துறாதீங்கம்மா. திங்கக்கிழமைக்குள்ள சொன்னா நல்லது."

வீட்டுக்கு வந்தபோது இவர் எழுந்து காபிக்காக உட்கார்ந்திருந்தார். நல்ல தூக்கம் போல, முகம் தெளிவாக இருந்தது. செம்போத்து கூடு கட்டியிருப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் போய் இதைச் சொன்னால் பிபி ஏறும். நாளைக்குச் சொல்லலாம்.

அக்டோபர் 4, சனி

வக்கீல் வந்துவிட்டார். நாள் முழுக்க அவரோடேயே சரியாகிவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

சாயங்காலம் காட்டுக்குப் போனேன். சுண்ணாம்புக் கோட்டின் மேல் சருகு விழுந்து பாதி மறைந்திருந்தது. இவர் பார்த்து என்ன கோடு என்று கேட்காதபடிக்கு மிச்சத்தையும் துடைப்பத்தால் தள்ளிவிட்டேன். பார்த்தால் பிபி ஏறும் என்று.

அக்டோபர் 6, திங்கள்

மிக்ஸி ரிப்பேர். கடைக்காரன் நாளைக்கு வரச் சொன்னான்.

அக்டோபர் 9, வியாழன்

ஜெயித்துவிட்டோம்! அடுத்த உத்தரவு வரும்வரை ஒரு மரத்தில்கூடக் கை வைக்கக் கூடாது, இடத்தை இருக்கிறபடியே விட வேண்டும் என்று கோர்ட் தடை போட்டுவிட்டது. அடுத்த விசாரணை நவம்பரில்.

இவர் கோர்ட்டிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. ஆபரேஷன் செய்த நெஞ்சு, கொஞ்சம் அடங்குங்கள் என்று அதட்டினேன். தெருவில் வெடி போட்டார்கள். கரையடித் தெருவிலிருந்தும் வந்தார்கள். பேச்சி இவருக்குச் சால்வை போர்த்தினாள். சால்வை என்றால் கடையில் வாங்கியதில்லை, அவள் மகள் வளைகாப்புக்கு வந்த துண்டு. "சார், எம் மரத்தையும் சேத்துக் காப்பாத்திட்டீக" என்றாள். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ரோட்டு முனையில் மதிவாணன் பைக்கை நிறுத்திப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் லட்டு எடுக்க உள்ளே போய்விட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

செண்பகத்துக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். குழந்தை சற்று எடை குறைவு, மற்றபடி முடி மண்டை நிறைய. பேச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. "எம் பேத்திக்கும் ஒரு மரம் வைக்கணும்க்கா, எங்கிட்டாவது எடம் இருக்கா பாருங்க" என்கிறாள். இடமா, ஒரு ஆள் நுழைய முடியாமல் அடர்ந்து கிடக்கிறது. பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். சாயங்காலம் நல்ல மழை. இவர் குடையோடு காட்டில் நின்று ரசித்துவிட்டு முழுக்க நனைந்து வந்தார். தலையைத் துவட்டிவிட்டுத் திட்டினேன்.

அக்டோபர் 18, சனி

மழை. வடகம் காயவில்லை. முறுக்கு மாவு பிசைந்தேன். பேச்சி வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, சாக்கடை அடைத்திருக்கும் என்றாள். இருக்கும்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மழையில் ஒரு வெடி வெடிக்கவில்லை. மகள் புனேயிலிருந்து வீடியோவில் பேசினாள்.

குழந்தைக்குச் சட்டை எடுத்துக்கொண்டு கரையடித் தெருவுக்குப் போனேன். தெருவில் தண்ணீர் வடியவே இல்லை. கறுப்புத் தண்ணீர், சாக்கடை நாற்றம். பேச்சி வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தாள். கிரைண்டர் இரண்டையும் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். குழந்தை தொட்டிலில் தூங்கியது. "எங்கிட்டு இருந்துக்கா வருது இம்புட்டுத் தண்ணி? இந்தத் தெருவுல இப்படி நின்னதே இல்லையே" என்றாள்.

"மழை ஜாஸ்தி இந்த வருஷம்" என்றேன்.

"நீங்க எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துருங்களேன், நாலு நாளைக்கு" என்று கூப்பிட்டும் பார்த்தேன்.

"நல்ல நாளும் அதுவுமா விளக்க அணைச்சுட்டு வரச் சொல்றீகளே. வடிஞ்சுரும்க்கா."

நான் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கலாம்.

அக்டோபர் 22, புதன்

எழுதக் கை ஓடவில்லை.

காலையிலிருந்தே ஊற்றியது. பதினோரு மணி வாக்கில் வடக்கே மேட்டுப் பக்கம் ஓவென்று சத்தம். மொட்டைமாடிக்கு ஓடினோம். தூர்வாரிய கால்வாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. இருபது வருஷமாக வராத தண்ணீர். நேரே வந்து எங்கள் காட்டு மேட்டில் முட்டியது. நாங்கள் லாரி லாரியாகப் போட்ட மேடு. கொஞ்ச நேரம் அங்கேயே சுழன்றது. பிறகு இடது பக்கம் திரும்பி, மொத்தமாகக் கரையடித் தெருவுக்குள் இறங்கியது.

காட்டுக்குத் தெற்கே கண்மாய் வெறுமனே கிடந்தது. மழைக் குட்டை மட்டும். அதில் இரண்டு கொக்கு நின்றன.

முதலில் இவர் கவனித்தது காட்டைத்தான். "ஒரு மரமும் சாயல தமயந்தி, ஒண்ணுகூடச் சாயல" என்றார். அப்புறம்தான் இடது பக்கம் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் கீழே ஓடினேன். தெருமுனைக்கு மேல் போக முடியவில்லை, இடுப்பளவு ஓட்டம். கூரை மேல் ஏறி நிற்கிறார்கள், பீரோ மிதக்கிறது, யாரோ ஆட்டுக்குட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார். பேச்சி பேச்சி என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்.

செல்லப்பாண்டிதான் முதலில் வந்தார். மாவு அண்டாவைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார். அண்டாவுக்குள் துணியைப் போட்டு அதில் பிறந்து பத்து நாள் ஆன குழந்தை. பின்னால் செண்பகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேச்சி. அவள் வாய் வரைக்கும் சாக்கடை கலந்த அந்தத் தண்ணீர். பாதி வழியில் அண்டா சரிந்து உள்ளே தண்ணீர் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கையை நீட்டினால் எட்டாத தூரம்.

செல்லப்பாண்டி குழந்தையைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். அழுதது. அந்த அழுகைச் சத்தத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

நேற்றிலிருந்து நடந்ததை இன்றுதான் முழுதாக எழுதுகிறேன்.

இவர் மண்வெட்டியோடு காட்டுக்குக் கிளம்பிவிட்டார். "நானே வெட்டிவிடுறேன், நடுவுல வெட்டிவிட்டா தண்ணி கண்மாய்க்குப் போயிரும்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மழையில் மூச்சு வாங்கியது இவருக்கு. மனுஷன் மண்வெட்டியால் வெட்டி முடிகிற மேடா அது?

அதற்குள் மதிவாணன் வந்தார். இவர் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். தடை கிடைத்த அன்றைக்குக் குதிக்காத குறையாக நின்ற மனுஷன், "தம்பி, ஜேசிபி கொண்டுவாங்க, எல்லா மரத்தையும் எடுத்துருங்க, நான் எழுதித் தர்றேன்" என்று கெஞ்சினார்.

"சார், நீங்க வாங்குன ஸ்டேதான் சார். ஒரு கிளையை ஒடிச்சாக்கூட என் வேலை போயிரும். கோர்ட்டுல போய் நீங்களே வேண்டாம்னு சொல்லி உத்தரவு வாங்கணும். கோர்ட்டு தீபாவளி லீவு. தொறந்தப்புறம் முயற்சி பண்ணுங்க."

வக்கீல் தியாகேசனுக்குப் போன் போட்டோம். அவசர மனு போடலாம், ஆனால் நாமே கேட்டு வாங்கியதை நாமே வேண்டாம் என்றால் அந்தப் பக்கமும் சம்மதிக்க வேண்டும், கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் இருக்கிறார்கள், நாளாகும் என்றார். எல்லாரும் சரி என்றுதான் சொல்கிறார்கள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை.

மதிவாணன் போகும்போது என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன்.

அக்டோபர் 25, சனி

குழந்தைக்குக் காய்ச்சல். நுரையீரலில் அழுக்குத் தண்ணீர் போயிருக்கிறதாம். பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வெளியே வராந்தாவில் பேச்சி முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். இட்லி கொண்டுபோனேன். கடையில் வாங்கிய மாவு. ஒரு வாய்கூட வைக்கவில்லை.

பேச்சி வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது. கிரைண்டர் இரண்டும் மண்ணுக்குள்.

அக்டோபர் 27, திங்கள்

இவர் மறுபடியும் ஹாலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். காட்டுக்குப் போகவில்லை. பேப்பரைக் கொடுத்தேன், மடியில் அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் திடீரென்று பேசினார். "அன்னைக்கே ஒருத்தனாவது வந்து, இப்படி ஒரு வழி இருக்கு, கொஞ்சம் விட்டுக் குடுங்கன்னு சொல்லியிருந்தா நான் விட்டுக் குடுத்திருக்க மாட்டேனா தமயந்தி? நான் என்ன அவ்வளவு பிடிவாதக்காரனா?"

நான் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனேன். பொங்கவில்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்ளும், ஆனால் மழைக் குளிர் ஆகாது, நல்ல காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன்.

அவசர மனுவை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்களாம், நவம்பரில் ஏற்கெனவே தேதி இருக்கிறது என்று. வக்கீல் வருத்தப்பட்டார். எல்லாரும் வருத்தப்படுகிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

பேச்சி வந்தாள். வாசலிலேயே நின்றாள். எப்போதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்கு வருகிறவள்.

மானாமதுரையில் அவள் தம்பி வீட்டுக்குப் போகிறார்களாம். வீடு இனி நிற்காது, குழந்தையும் அந்த ஈரத்தில் தாங்காது. லோடு ஆட்டோவில் சாமான் ஏற்றியாகிவிட்டது. சாமான் என்ன சாமான், அந்த அண்டாவும் நாலு மூட்டையும்.

"சார் எங்கக்கா?"

ஹாலைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். இவர் திரும்பவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஜே.இ. தம்பி நேத்து எங்க தெருவுக்கு வந்துச்சு. பன்னெண்டு அடி விட்டாப் போதும்னு உங்ககிட்ட அப்பவே சொன்னேன்னுச்சு."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்: "சாருக்கு உடம்பு முடியாம இருந்துச்சு. நீங்க அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சீக. மறந்திருப்பீக."

"ஆமா பேச்சி" என்றேன். "மறந்துட்டேன்."

"அதான. நான் அப்படித்தான் அந்தத் தம்பிகிட்டச் சொன்னேன்" என்றாள்.

கடைசியாக ஒரு தடவை காட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். கூடப் போனேன். மழைக்கு எல்லாம் பச்சைப்பசேல் என்று செழித்துக் கிடக்கிறது. ஒரு இலை வாடவில்லை. அவளுடைய இலுப்பை புதுத் துளிர் விட்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள்.

"இது எம் மரந்தானக்கா?"

"உன் மரந்தான்."

"அப்ப இத நானே வெட்டிக்கிறலாமா? இது ஒண்ண மட்டும்."

"ஸ்டே இருக்கு பேச்சி. எதுலயும் கை வைக்கக் கூடாது."

தலையாட்டினாள். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டுக் கத்தியிருந்தாலாவது நான் காலில் விழுந்திருப்பேன். கம்பியில் கட்டியிருந்த அவள் பெயர்த் தகரத்தைப் பிடித்து முறுக்கினாள். துருப்பிடித்த கம்பி, சட்டென்று வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிக் கழற்றினாள். விரலில் ரத்தம். முந்தானையில் துடைத்தாள்.

"பேர எடுத்துக்கிறதுக்குக் கோர்ட்டு ஒண்ணும் சொல்லாதுல்லக்கா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

லோடு ஆட்டோ திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். செண்பகம் மடியில் குழந்தை, நான் எடுத்துக் கொடுத்த சட்டையில்லை, வேறு சட்டை. பேச்சி கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மறுபடியும் மழை. கரையடித் தெருவில் மற்றவர்களும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதால் சத்தம் இல்லை, தண்ணீர் மட்டும் போகிறது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். கண்மாய் அப்படியேதான் கிடக்கிறது.

இவர் சுவரைப் பார்த்தபடியே, "செம்போத்துக் குஞ்சு பொரிச்சிருச்சா?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் பேசிய முதல் வார்த்தை.

போய்ப் பார்த்துவிட்டு வந்து, பொரித்துவிட்டது என்றேன். ஜே.இ. வந்ததைச் சொல்லலாம் என்றுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். இவர் லேசாகச் சிரித்தார்.

நாளைக்குச் சொல்லலாம்.